லாவணியிலிருந்து சொல்லிசை வரை

1893ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் ‘அதிவிநோதக் குதிரைப் பந்தய லாவணி’ என்னும் சிறு நூலொன்று அச்சேறியது. பாடியவர் ரங்கசாமி தாசன். குதிரைப் பந்தயத்தையும், அதனைக் காணச் செல்வோர் வழியிற் காணும் நகர்க் காட்சிகளையும் அந்நூல் பாடுகிறது. பந்தயம் வெள்ளையர் கொண்டுவந்த கேளிக்கை. லாவணியோ தஞ்சைத் தரணியில் வளர்ந்து தமிழரோடு கப்பலேறி வந்த பாட்டு. புதிய மண்ணிற் புதிய காட்சியைக் கண்ட அப்புலவர், அதனைச் சொல்லத் தெருவில் நின்று தாளம் தட்டிப் பாடும் வடிவமொன்றையே தேர்ந்துகொண்டார் என்பது எண்ணத்தக்கது. சிங்கப்பூரையும் ஜொகூரையும் இணைக்கும் பாலம் 1924இல்தான் திறக்கப்பட்டது. ஆகவே, ஜொகூர் நீரிணைக்குப் பாலம் வருவதற்கு 31 ஆண்டுகள் முன்பே அதன் கரைக்கு லாவணி வந்துவிட்டது.

இச்செய்தியை இங்கு முதலில் வைப்பதற்குக் காரணம் உண்டு. ‘ராப்’ என்று உலகம் வழங்குவதும், தமிழில் ‘சொல்லிசை’ எனப் பெயர் பெற்றதுமாகிய கலையை வகுப்பறையில் மாணவர்க்குக் கற்பிக்கலாமா, அவர்களையே அதனை எழுதச் செய்து அவையில் நிகழ்த்தச் செய்யலாமா என்னும் வினா எழும்போதெல்லாம், அது அயலார் பொருள், அமெரிக்கத் தெருவின் ஓசை, தமிழ் வகுப்புக்கு ஒவ்வாதது என்னும் விடை விரைந்து வருகிறது. தாளத்தின்மீது பேச்சை அடுக்கி, எதிரில் நிற்பவனைச் சொல்லால் மடக்கி, கூடியிருப்போரின் ஆரவாரத்தைப் பரிசாகக் கொள்வது தமிழர்க்குப் புதிதா என்பதை வரலாறு கூறட்டும்.

லாவணி, தஞ்சையில் மராட்டியர் ஆட்சி நடந்த காலத்தில் தமிழகத்தில் வேரூன்றிய கலை. மாசித் திங்களிற் காமன் பண்டிகை நடைபெறும் ஊர்களில் இரு கட்சியார் எதிரெதிரே அமர்வர். சிவபெருமானின் நெற்றிக்கண்ணால் மன்மதன் எரிந்தான் என்பார் ஒரு கட்சியார். எரியவில்லை என்பார் மற்றொரு கட்சியார். எரிந்த கட்சி, எரியாத கட்சி என்றே அவர்களுக்குப் பெயர். ‘டேப்’ என்னும் தோற்கருவியைத் தட்டிக்கொண்டு ஒருவர் பாட்டிலேயே வினாத் தொடுக்க, மற்றவர் பாட்டிலேயே விடையிறுத்து எதிர்வினா விடுப்பார். புராண அறிவு, சொல்வன்மை, நினைவாற்றல், ஏளனம் ஆகிய யாவும் அவ்விடத்திற் படைக்கலங்கள். விடை தெரியாது திகைத்தவன் தோற்றான். விடை தெரிந்தும் தாளத்தைத் தவறவிட்டவன் அவனினும் இழிவாகத் தோற்றான்! இன்றைய சொல்லிசையாளர் இருவர் மேடையில் எதிரெதிர் நின்று மோதும் போட்டியைக் கண்ட தஞ்சைக் கிழவர் ஒருவர், அதில் வியப்பதற்கு உடையைத் தவிர வேறொன்றும் காணமாட்டார்.

லாவணிக்கு முன்பும் இம்மரபு இருந்தது. காளமேகப் புலவர் எமகண்டம் ஏறிப் பாடினார் என்னும் கதை தமிழாசிரியர் யாவரும் அறிந்ததே. எட்டயபுரத்தில் இளம்பாரதியை இகழக் கருதிய ஒருவர், இகழ்ச்சி பொருந்திய ஈற்றடி ஒன்றைக் கொடுத்துப் பாடச் சொல்ல, அவ்வடியையே அவர்மீது திரும்பும்படி அமைத்துப் பாரதி பாடினார் என்பர். இக்கதைகளின் வரலாற்று உண்மை ஒருபுறம் இருக்க, அவற்றைத் தமிழர் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி மகிழ்ந்தனர் என்பதே கருதத்தக்கது. புலமை என்பது கேட்டவுடன் கட்டும் ஆற்றல். கட்டியதை அவை நடுவே சொல்லும் ஆற்றல். நூல் எழுதிய அளவில் முடிந்ததாகவும் அக்காலத்தார் கொள்ளவில்லை. அரங்கேறிய பின்னரே அது நூலாயிற்று. கம்பர் திருவரங்கத்திலும் சேக்கிழார் தில்லையிலும் அரங்கேற்றினர் என்னும் செய்திகள் இதனைத்தான் உணர்த்துகின்றன.

அன்றைய கல்விமுறையும் இதற்கேற்ப நடந்தது. திண்ணைப் பள்ளியில் மணலில் விரலால் எழுதிய சிறுவன், எழுதும்போதே வாய்விட்டுச் சொன்னான். எண்சுவடியும் நீதிநூல்களும் சட்டாம்பிள்ளை சொல்லப் பிறர் தொடர்ந்து சொல்லும் ஓசையாகவே செவி வழி புகுந்தன. உயர்கல்வியிலும் அப்படியே. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை வாயாற் பாடிக்கொண்டே போக, மாணாக்கர் ஏட்டில் எழுதினர் என்பதை உ. வே. சாமிநாதையர் வியந்து பதிவு செய்துள்ளார். பாட்டு எவ்வாறு பிறக்கிறது என்பதை அம்மாணாக்கர் கண்ணாற் கண்டனர். பிறந்து முடிந்த பாட்டை மட்டும் கற்றவர்கள் அல்லர் அவர்கள்.

இனி, மலாயாவுக்கு வருவோம். 1816இல் பினாங்கு இலவசப் பள்ளியில் தமிழ் வகுப்பொன்று தொடங்கியதே இந்நாட்டுத் தமிழ்க் கல்வியின் தோற்றமாகக் கொள்ளப்படுகிறது. ஆயினும் பெருந்தொகையான பிள்ளைகள் தமிழெழுத்தை அறிந்தது தோட்டப் பள்ளிகளிலேதான். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேரேனும் வாழும் தோட்டங்கள் பள்ளி நடத்த வேண்டுமென 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் மலாய்க் கூட்டரசு மாநிலங்களில் விதித்தது. ஜொகூர் அக்கூட்டரசிற் சேராத மாநிலம். எனினும் ரப்பர் பரவிய இடமெல்லாம் ஜொகூரிலும் இத்தகைய பள்ளிகள் எழுந்தன. ஒரே அறை; ஒரே ஆசிரியர்; பல வகுப்புகள். சில இடங்களில் எழுத்தறிந்த தொழிலாளியோ கங்காணியோ கிராணியாரோதான் ஆசிரியர். அவர்களைக் குறைகூறுவது அறமாகாது. அவர்கள் இல்லையேல் அவ்வெழுத்தும் இல்லை. ஆனால், அங்கு நிகழ்ந்த ஒன்றை மறைக்கவும் இயலாது. திண்ணைப் பள்ளியின் ஓசை வந்தது. மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் கட்டும் தொழில் வரவில்லை. பிள்ளைகள் வாய்ப்பாட்டையும் ஆத்திசூடியையும் உரக்கச் சொன்னார்கள். தாமாக ஓரடி கட்டுமாறு அவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

வியப்பு யாதெனின், அதே தோட்டத்தில், பள்ளிக்கு எட்டிய தொலைவில், பாட்டுக் கட்டும் தொழில் ஓயாது நடந்துகொண்டிருந்தது. பெரட்டுக்கு எழுப்பும் ஒலியும், பால்வெட்டின் களைப்பும், கங்காணியின் கடுஞ்சொல்லும், கடல் கடந்த ஏக்கமும் லயத்து வீடுகளில் தாலாட்டாகவும் கும்மியாகவும் ஒப்பாரியாகவும் உருக்கொண்டன. அவற்றைக் கட்டியவர்களுள் பெரும்பாலோர் எழுத்தறியாப் பெண்கள். காலையில் தாய் கட்டிய பாட்டு, பகலில் மகன் பயிலும் பாடத்துக்குள் நுழைய உரிமை பெறவில்லை. பாடநூல்களோ நெடுங்காலம் தமிழ்நாட்டையும் இலங்கையையும் மனத்திற்கொண்டு எழுதப்பட்டவை. லயத்தில் வாழும் தமிழ் ஒன்று, பலகையில் எழுதும் தமிழ் வேறொன்று என்னும் பிளவு அன்று தொடங்கியது. அது இன்னும் முழுமையாக மூடப்படவில்லை.

இடையில் ஒரு நற்காலமும் இருந்தது. 1952இல் கோ. சாரங்கபாணி முன்னின்று தொடங்கிய தமிழர் திருநாள், சிங்கப்பூரிலும் மலாயாவிலும் ஊர்தோறும் பேச்சு, பாட்டு, நாடகம் எனப் போட்டிகளை நடத்தியது. அவர் நடத்திய ‘தமிழ் முரசு’ நாளிதழின் மாணவர் மணிமன்றம், பள்ளிப் பிள்ளைகளின் எழுத்தை அச்சிற் கண்டது. பிற்காலத்து மலேசிய, சிங்கப்பூர் எழுத்தாளர் பலர் அப்பக்கங்களிற் கைப்பழகியவர்களே. எழுதவும் அரங்கேற்றவும் மாணவர்க்கு இடம் கிடைத்தது. ஆயின், அவ்விடம் வகுப்பறைக்கு வெளியே இருந்தது என்பதை மறத்தலாகாது.

வகுப்பறைக்குள்ளோ தேர்வு ஆட்சி செய்தது. 1988இல் தொடங்கிய யு.பி.எஸ்.ஆர். தேர்வில் தமிழ் என்பது கருத்துணர்தலும் கட்டுரையுமாகச் சுருங்கியது. 2011 முதல் நடைமுறைக்கு வந்த தொடக்கப்பள்ளிக் கலைத்திட்டம் ‘செய்யுளும் மொழியணியும்’ எனத் தனிப் பகுதியே வைத்தது, பாராட்டத்தக்க செயல். எனினும், பல வகுப்புகளில் அது செய்யுளை மனனம் செய்து, பொருளை எழுதி, சூழலுக்குப் பொருத்துவதாகவே முடிந்தது. செய்யுளை மாணவன் ஏற்றுக்கொண்டான், செய்யவில்லை. ‘செய்யுள்’ என்னும் சொல்லே ‘செய்’ என்னும் வினையடியிற் பிறந்தது என்பதை இலக்கண வகுப்பிற் சொல்லிவிட்டு, அதனைச் செய்யவிடாமல் வைத்திருப்பது ஒரு முரண்தான்.

இந்நிலையில், உலகின் மறுகோடியில் வேறொன்று பிறந்தது. 1973 ஆகஸ்டு 11ஆம் நாள், நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில் ஒரு குடியிருப்பு மாளிகையில் நடந்த விருந்தில், ஜமாய்க்காவிலிருந்து குடியேறிய குடும்பத்தைச் சேர்ந்த கூல் ஹெர்க் என்னும் இளைஞர், இசைத்தட்டுகளில் தாளம் மட்டும் ஒலிக்கும் பகுதிகளை நீட்டித்து ஒலிக்கச் செய்தார். அத்தாளத்தின்மீது பேச்சு ஏறியது. பேச்சு எதுகை பெற்றது. 1979இல் அது இசைத்தட்டாக விற்பனைக்கு வந்து உலகெங்கும் பரவியது. கட்டியவர்கள் பெரும்பாலும் கறுப்பின இளைஞர். பள்ளியிற் பின்தங்கியவர் எனப் பெயர் வாங்கியவர் பலர். பள்ளி ஒதுக்கிய நாவுகள் தெருவிற் புலமை பெற்றன.

மலேசியாவுக்கு அது வந்து சேர அதிகக் காலம் ஆகவில்லை. கோலாலம்பூரைச் சேர்ந்த ‘போயட்டிக் அம்மோ’ குழுவினர் 1998இல் தம் முதல் தொகுப்பை வெளியிட்டனர். அக்குழுவில் இருந்த யோகி பி, பின்னர் ‘நட்சத்திரா’ குழுவினருடன் இணைந்து 2006இல் ‘வல்லவன்’ என்னும் தமிழ்த் தொகுப்பைக் கொணர்ந்தார். அதில் இடம்பெற்ற ‘மடை திறந்து’ தமிழ்நாட்டிலும் ஒலித்தது. தமிழகத்தில் 1994இலேயே ‘காதலன்’ திரைப்படத்தில் ‘பேட்டை ராப்’ வந்திருந்தது. அப்பாடலில் நாட்டுப்புறப் பாடகி தேனி குஞ்சரம்மாளின் குரலும் கலந்திருந்தது என்பதைக் கேட்டவர் பலர் கவனித்திருக்கமாட்டார்கள். ஆயினும், தனித் தொகுப்பாக, திரைப்படத்தின் துணையின்றித் தமிழ்ச் சொல்லிசைக்குப் பெருவழி திறந்ததில் மலேசியத் தமிழிளைஞர்க்கு உள்ள பங்கு சிறிதன்று. தாயகத்திலிருந்து எல்லாவற்றையும் பெற்றுக்கொண்டே இருந்த ஒரு சமூகம், ஒருமுறை திருப்பிக் கொடுத்தது எனலாம்.

2021இல் அறிவு என்னும் கவிஞர் எழுதி, தீயுடன் இணைந்து பாடிய ‘எஞ்சாயி எஞ்சாமி’ இவ்வரலாற்றில் மற்றொரு திருப்பம். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தமிழகம் திரும்பிய தம் பாட்டியின் வாழ்வைக் கருவாகக் கொண்டு, ஒப்பாரியின் குரலையும் சொல்லிசையின் வேகத்தையும் அவர் ஒன்றாக்கினார். தோட்டத்துப் பாட்டியின் பாட்டு, பேரன் கையில் உலகப் பாட்டாயிற்று. ஜொகூர் வகுப்பறையில் அமர்ந்திருக்கும் மாணவர்க்கு இதனினும் நெருக்கமான எடுத்துக்காட்டு வேறு வேண்டுவதில்லை. அவர்களுள் எத்தனையோ பேரின் பாட்டிமாரும் அப்படிப்பட்டவர்களே. மரம் மட்டும் வேறு: அங்கே தேயிலை, இங்கே ரப்பர்.

சொல்லிசையை வகுப்பறைக்குள் கொண்டு சென்றவர்கள் அமெரிக்க ஆசிரியர்கள். கலிபோர்னியாவில் எர்னெஸ்ட் மொரல், ஜெப்ரி டங்கன் ஆண்ட்ரேட் ஆகிய இருவரும் உயர்நிலைப்பள்ளி மாணவர்க்கு ஆங்கிலக் கவிதையைக் கற்பித்தபோது, புகழ்பெற்ற கவிதை ஒன்றையும் சொல்லிசைப் பாடல் ஒன்றையும் இணையாக வைத்து ஒப்பிடச் செய்தனர். எலியட்டின் கவிதைக்கு இணையாக 1982இல் வெளிவந்த ‘தி மெசேஜ்’ நின்றது. மாணவர்கள் தாமும் கவிதை எழுதினர். அப்பட்டறிவை இருவரும் 2002இல் கட்டுரையாக வெளியிட்டனர். பத்தாண்டு கழித்து, கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியைச் சேர்ந்த கிறிஸ்டோபர் எம்டின், ஜிஸா என்னும் சொல்லிசையாளரின் துணையுடன், நியூயார்க்கின் பத்து அரசுப் பள்ளிகளில் மாணவர் அறிவியற் பாடத்தையே சொல்லிசையாக எழுதி நிகழ்த்தும் போட்டியை நடத்தினார். பாட்டில் ஒரு கருத்தைப் பிழையின்றி அடக்குவதற்கு அக்கருத்து முதலில் விளங்கியிருக்க வேண்டும் என்பதே அம்முயற்சியின் உயிர்நிலை. எண்சுவடியைப் பாட்டாக்கிய நம் முன்னோர்க்கு இது புரியாத செய்தியன்று.

தமிழாசிரியர் இம்முறையை மேற்கொள்வதாயின், அமெரிக்கரைப் பார்த்து அப்படியே செய்வதில் பயனில்லை. மொழியின் இயல்பு வேறு. ஆங்கிலச் சொல்லிசை பெரிதும் அடியின் இறுதியில் ஒலி ஒன்றுவதை நம்பி நடக்கிறது. தமிழில் அதற்கு இயைபு என்று பெயர். தொல்காப்பியர் மோனை, எதுகை, முரண், இயைபு எனத் தொடைகளை அடுக்கும்போது இயைபை இறுதியில் வைத்தார். ஏன்? தமிழ்த் தொடரின் இறுதியில் பெரும்பாலும் வினைமுற்று நிற்கும். வினைமுற்றுகளின் விகுதிகள் தாமாகவே ஒத்து ஒலிக்கும். ‘எழுகிறேன், வருகிறேன், படிக்கிறேன், போகிறேன்’ என ஒரு மாணவன் நான்கு வரி எழுதிவிட்டுச் சொல்லிசை முடிந்தது என்பான். அதிற் செய்யும் தொழில் ஏதுமில்லை. விகுதி செய்த வேலையை அவன் தன் வேலை என்று எண்ணுகிறான். முதல் நாளிலேயே ஆசிரியர் தடுக்க வேண்டிய குறை இது.

மாறாக, தமிழின் ஓசைச் செல்வம் அடியின் தொடக்கத்தில் இருக்கிறது. முதலெழுத்து ஒன்றும் மோனையும், இரண்டாமெழுத்து ஒன்றும் எதுகையும் வந்தபின் இயைபு சேர்ந்தால் அடி தானே நிமிர்ந்து நிற்கும். ஜொகூர் பாருவின் அடுக்ககத்திலிருந்து விடியுமுன் பள்ளிக்குப் புறப்படும் சிறுவன் ஒருவன்,

விடியு முன்னே பேருந்து வீதியிலே நிற்கும்
படியி லேறும் பிள்ளைமனம் பாதையிலே கற்கும்

எனக் கட்டினால், ‘விடி–படி’ எதுகை, ‘விடியு–வீதி’, ‘படி–பாதை’ மோனை, ‘நிற்கும்–கற்கும்’ இயைபு. யாப்பிலக்கணப் பாடத்தில் மூன்று கிழமை சொல்லியும் மனத்தில் ஏறாத மூன்று தொடைகள் இரண்டு அடிக்குள் அடங்கிவிடுகின்றன. இவ்வடிகள் உயர்ந்த கவிதை என்று யாரும் சொல்லப்போவதில்லை. ஆனால், இவற்றைக் கட்டியவன் எதுகையை இனி மறக்கமாட்டான்.

தாளத்துக்கும் அயலாரிடம் செல்ல வேண்டியதில்லை. சொல்லிசையின் நான்கு தட்டு, ஆதிதாளத்தின் எட்டு எண்ணிக்கைக்குள் எளிதில் அமரும். கையைத் தட்டினாற் போதும். மேசையைத் தட்டினால் அடுத்த வகுப்பாசிரியர் வருவார் என்பது ஒன்றே இடர். சொல்லுக்கு முன் ஓசையை அமைக்கும் வழியும் நம்மிடம் உண்டு. அருணகிரிநாதரின் வண்ணப் பாடல்களுக்குச் ‘தத்தன தந்தன’ எனச் சந்தக் குழிப்பு வகுத்துக் காட்டுவர். திரைப்பாடலாசிரியரும் மெட்டைத் தத்தகாரமாக்கிக்கொண்டே சொல்லை இடுவர். மாணவரும் முதலில் ‘தனன தானா’ என்று நான்கு தட்டுக்கு ஒலி அமைத்து, பிறகு அவ்வொலிக்குள் சொல்லை நிரப்பலாம். குறில் நிற்கும் இடத்தில் நெடில் வந்தால் தாளம் இடறும். அவ்விடறலைக் காது உடனே காட்டிக்கொடுக்கும். நேரசை, நிரையசை என்னும் பெயர்கள் அதன்பின் வந்தால் போதும். பெயரை முன்னிறுத்திப் பொருளைப் பின்னர்க் காட்டியதால்தான் யாப்பைக் கண்டு இத்தனை தலைமுறை அஞ்சியது.

ஒப்பீட்டுக்கும் தமிழிற் பஞ்சமில்லை. புறநானூற்றில் தம் இல்லத்து வறுமையைப் பாடிய பெருஞ்சித்திரனாரையும், நகர்ப்புறக் குடியிருப்பின் நெருக்கடியைப் பாடும் சொல்லிசைப் பாடலையும் அருகருகே வைத்து இடைநிலைப்பள்ளி மாணவரிடம் கொடுத்தால், இருவருள் யார் தம் நிலைக்கு நாணவில்லை, யார் யாரிடம் முறையிடுகிறார் என்னும் வினாக்கள் தாமே எழும்.

எதிர்ப்புரைகளுள் வலிமை மிக்கது மொழி பற்றியது. சொல்லிசை பேச்சுத் தமிழில் நடப்பது. ஆங்கிலமும் மலாயும் தயக்கமின்றிக் கலப்பது. செந்தமிழ் கற்பிக்க வேண்டிய இடத்தில் அதற்கு இருக்கை கொடுக்கலாமா என்பர். இவ்வச்சத்தை எள்ளி நகையாடுதல் தகாது. ஜொகூரின் சுமார் 70 தமிழ்ப்பள்ளிகளும், தமிழ் ஒரு பாடமாக மட்டும் நிற்கும் இடைநிலைப்பள்ளிகளுமே பல பிள்ளைகளுக்கு நல்ல தமிழ் கேட்கும் கடைசி இடங்கள். அவ்விடத்தையும் கலப்புமொழிக்கு விட்டுவிட்டால் எஞ்சுவது என்ன? இருப்பினும், நீரிணைக்கு அப்பாலுள்ள சிங்கப்பூரில் இக்கேள்வி நன்கு ஆராயப்பட்டது. 2005இல் அங்குத் தமிழ்மொழிப் பாடத்திட்டத்தை மறுஆய்வு செய்த குழு, நல்ல பேச்சுத்தமிழை வகுப்பில் வளர்ப்பதற்கு முதன்மை தந்தது. வீட்டில் வழங்காத எழுத்துத்தமிழை மட்டும் கற்பித்தால், பிள்ளை தமிழை எழுதத் தெரிந்து பேசத் தெரியாதவனாவான் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர். பேச்சுத்தமிழ் வேறு, கலப்புத்தமிழ் வேறு. ‘வந்துட்டான்’ என்பது பேச்சு. அதற்கும் ஓர் ஒழுங்குண்டு. பிறமொழிச் சொல் வரும் இடத்தில் தமிழ்ச் சொல்லைத் தேடி அதே தட்டில் அமரச் செய்யுமாறு மாணவனை ஏவினால், சொல்வளம் பெருக்கும் பயிற்சியாக அது மாறும். அகராதியை விரும்பிப் புரட்டும் மாணவனைக் காண வேண்டுமாயின், அவனுக்கு ஓர் எதுகைச் சொல் குறைவுபட வேண்டும்.

வன்முறையையும் பெண்ணிழிவையும் புகழும் சொல்லிசைப் பாடல்கள் உண்டு என்பதும் உண்மை. அவற்றை மறைத்து வைத்தால் பிள்ளைகள் அறியமாட்டார்கள் என எண்ணுவது பேதைமை. அவர்கள் ஆசிரியர்க்கு முன்பே கேட்டிருப்பார்கள். மற்றொன்று பலர் நினைவிற் கொள்ளாதது: போட்டி என்று வந்தவுடன் ஆண்பிள்ளைகளே முன்வரிசையை நிரப்பிவிடுவர். கும்மியையும் ஒப்பாரியையும் கட்டியவர்கள் பெண்கள் என்னும் வரலாற்றைச் சொல்லித் தொடங்கும் வகுப்பில் அந்நிலை ஓரளவேனும் மாறும். கிளந்தானில் வழங்கும் தீக்கிர் பாராட் என்னும் மலாய்ப் பாட்டுப் போட்டி பள்ளி மேடைகளுக்கு வந்து மாணவர் கலையாக மதிப்புப் பெற்றிருக்கிறது. தலைவர் அடியெடுக்கக் குழுவினர் கைதட்டி ஏந்திப் பாடும் கலை அது. கூச்சமுள்ள பிள்ளைக்கும் குழுவில் ஓரிடம் கிடைக்கும் அவ்வமைப்பு, தமிழ்ச் சொல்லிசைக்கும் பொருந்தும்.

நேரமில்லை என்பார்க்குச் சொல்ல ஒன்றுண்டு. யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டது. மூன்றாம் படிவத்தின் பி.டி.3 தேர்வும் 2022இல் நீக்கப்பட்டது. பள்ளியளவிலான மதிப்பீட்டுக்கு முதன்மை வந்துள்ளது. கேட்டலும் பேச்சும் மதிப்பெண் பெறாத துணைத்திறன்களாகக் கிடந்த காலம் போய், அவற்றை வகுப்பிலேயே ஆசிரியர் கண்டு மதிப்பிடும் வாய்ப்புக் கிடைத்துள்ளது. மாணவன் எழுதிய தாளை மட்டும் திருத்திய ஆசிரியர், அவன் எழுதியதை அவன் வாயிலிருந்தே கேட்டு மதிப்பிடலாம்.

தலைப்புக்கு ஜொகூரில் எங்கும் அலைய வேண்டியதில்லை. தெப்ராவ் தோட்டத் தமிழ்ப்பள்ளி, ரினி தோட்டத் தமிழ்ப்பள்ளி எனப் பள்ளிகள் இன்னும் பெயர் தாங்கி நிற்கின்றன. சுற்றிலும் பார்த்தால் குடியிருப்பும் கடைவீதியும் நெடுஞ்சாலையும். தோட்டம் இருந்ததற்குப் பெயர்ப்பலகையே சான்று. வகுப்பை இரண்டாகப் பிரித்து, எரிந்த கட்சி, எரியாத கட்சிபோல, அழிந்த கட்சி, அழியாத கட்சி என்று நிறுத்தலாம். தோட்டம் அழிந்தது என்பது முன்னதன் கொள்கை. பால் வாளிகளைத் தோளிற் சுமந்த காண்டாக்கம்பை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டறிந்து வந்த மாணவி ஒருத்தி, அழிந்த கட்சியின் சார்பில்,

மரமிருந்த மேட்டிலெல்லாம் மாடிவீடு நிக்குது
உரமிருந்த காண்டாக்கம்பு ஓரத்திலே மக்குது

எனத் தொடங்கலாம். மறுகட்சியான் எழுந்து, அதே தட்டில்,

பலகையிலே பள்ளிப்பேரு தோட்டமின்னு சொல்லுது
உலகமெல்லாம் மாறிப்போயும் உங்கவாயா கொல்லுது

என்று மடக்கலாம். லாவணியின் வழக்கப்படி, இதற்கு மறுமொழி கட்டும் வரை அழிந்த கட்சியார் எழுந்து போக இயலாது.